பயிற்சி கொடுத்தும் ஏஐயை யாரும் தொடவில்லையா?

அம்பத்தூர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் ஏஐ பயிற்சி கொடுத்தும் ஒருவர்கூடத் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சார், ஸ்லைடு பார்த்தால் யாருக்குக் கை வரும்? கிண்டியில் நான் இருந்த கணக்கு அலுவலகத்திலும் இதே கதைதான். அப்புறம் மேசையில் கிடந்த வேலையையே எடுத்தோம்: பாக்கி வைத்தவர்களுக்கு நினைவூட்டல் கடிதத்தை ஏஐயிடம் எழுதச் சொன்னோம். வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண் எதையும் உள்ளே போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். பிறகு ஏஐ எங்கே தவறும் என்று காட்ட, வேண்டுமென்றே அதைச் சிக்க வைத்தோம். அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகிற சமாச்சாரம்தானே, இல்லாத சட்டப் பிரிவைக் கூசாமல் எழுதியது! மூத்த கணக்கர் அம்மா சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து, ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தபடி, அவர்தான் அதிகம் பயன்படுத்தினார். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தால் முதலாளியே நேரில் பேசட்டும். வாரம் அரை மணி, அலுவலக நேரத்திலேயே ஒதுக்குங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம்.