எத்தனை கைக்குட்டை?

கேள்வி: ஒரே மூச்சில் படித்து முடிக்கும்படி, இந்தக் காலத்துக் காதல் குறுநாவல் ஒன்று சொல்லுங்கள். மனதைப் பிழிய வேண்டும். குறைந்தது இரண்டு கைக்குட்டையாவது நனைய வேண்டும்!
– ஒரு வாசகி

பதில்: சொல்கிறேன். முதலில் அந்தக் கைக்குட்டைக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். என் மேசைக்கு வரும் காதல் கதைகள் பலவற்றில், முடிய மூன்று பக்கம் இருக்கும்போது யாருக்காவது இருமல் வந்துவிடுகிறது. கைக்குட்டையில் ஒரு துளி ரத்தம். அப்புறம் ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கதவு, மழை. எழுதுபவரே முந்திக்கொண்டு அழுதுவிடுவதால் படிப்பவருக்கு வேலை இல்லாமல் போகிறது. நானும் சில சமயம் கண்ணைத் துடைத்திருக்கிறேன், பொய் சொல்வானேன்? மறுநாள் காலையில் கதாநாயகியின் பெயர்கூட ஞாபகம் இருக்காது.

சரி, என் சிபாரிசு: அமெரிக்க எழுத்தாளர் கென்ட் ஹாரஃபின் 'அவர் சோல்ஸ் அட் நைட்' (Our Souls at Night). 2015-இல் வந்தது. பதிப்பாளர் நாவல் என்கிறார். 200 பக்கம்கூட இல்லாததால் நான் குறுநாவல் கணக்கில்தான் வைப்பேன். காதலர்களுக்கு வயது எழுபதை ஒட்டி இருக்கும். முகம் சுளிக்காதீர்கள், இளஞ்ஜோடிதான் வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லையே!

ஆடி, கணவனை இழந்தவள். லூயிஸ், மனைவியை இழந்தவர். பல வருடமாக ஒரே தெருவில் இருந்தும் அவ்வளவாகப் பழக்கமில்லை. ஒரு சாயங்காலம் ஆடி அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கிறாள்: ராத்திரியில் என் வீட்டுக்கு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வீர்களா? நீங்கள் நினைப்பதற்காக இல்லை. தனியாக இரவைக் கடத்த முடியவில்லை. இருட்டில் பேசிக்கொண்டே தூங்கிப்போக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

லூயிஸ் யோசித்துச் சொல்வதாகச் சொல்கிறார். மறுநாள் முடி வெட்டிக்கொள்கிறார், முகச்சவரமும் செய்துகொள்கிறார். இரவு உடையையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் பின்பக்கச் சந்து வழியாகப் போய்ப் பின்வாசல் கதவைத் தட்டுகிறார். இனிமேல் முன்வாசல் வழியாகவே வாருங்கள் என்கிறாள் ஆடி. இத்தனை வயதுவரை ஊர் வாய்க்குப் பயந்தது போதும் என்பது அவள் கட்சி.

அந்தக் காகிதப் பையை நன்றாகப் பாருங்கள். 'அவர் நெஞ்சு படபடத்தது', 'உள்ளம் தவித்தது' என்று எழுத எத்தனை இடம் இருக்கிறது! ஹாரஃப் அந்தப் பக்கமே போகவில்லை. பையும் பின்வாசலும் போதும் என்று விட்டுவிட்டார். பேச்சுக்கு மேற்கோள் குறிகூடப் போடுவதில்லை. முதல் சில பக்கங்களில் யார் பேசுகிறார்கள் என்று தடுமாறுவீர்கள். பிறகு பழகிவிடும்; அடுத்த அறையிலிருந்து இருட்டில் ஒட்டுக்கேட்பது போலிருக்கும்.

காதலுக்குக் குறுக்கே நிற்பது ஆடியின் மகன். அவனுக்கும் சின்ன வயதுக் காயம் ஒன்று இருப்பதால் அவனை மனசாரத் திட்டவும் முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். முடிவை நான் சொல்லப்போவதில்லை.

ஹாரஃப் இதை எழுதியது 2014 கோடையில், குணமாகாத நுரையீரல் நோயோடு. நவம்பரில் இறந்துவிட்டார், புத்தகம் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. அந்த நிலையில் எழுதியவர் வாசகரிடம் ஒரு சொட்டு அனுதாபம் கேட்கவில்லை. இரண்டு கைக்குட்டை கேட்கும் நீங்களும், இருமல் வைத்து எழுதும் நண்பர்களும் யோசிக்கலாம்.

ஆங்கிலம் மிக எளிமையானது, அகராதி எப்போதாவதுதான் தேவைப்படும். 2017-இல் ஜேன் ஃபோண்டாவும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் நடித்துப் படமாகவும் வந்தது. அதை முதலில் பார்த்துவிடாதீர்கள். லூயிஸுக்கு நீங்களாக ஒரு முகம் கொடுக்க முடியாமல் போய்விடும்.

கைக்குட்டை ஒன்றுகூட நனையாமல் போகலாம். படித்து முடித்து விளக்கை அணைத்த பிறகு தூக்கம் வராவிட்டால், என்னைத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.