கால்நடை கேள்வி – பதில்: உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமைக் கருவேலம்

கேள்வி: சந்தையில் வாங்கிய கலப்பினக் கிடேரியைக் காட்டோரம் மேய விட்டோம். மூன்றாம் நாள் தீனி எடுப்பதை நிறுத்தியது. சாணம் இறுகிவிட்டது, கண் மஞ்சளித்திருக்கிறது. இப்போது மூக்கிலும் மடியிலும் வெள்ளைத் தோல் மட்டும் வெந்து உரிகிறது. வெயில் என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் பூசுகிறோம். சரிதானா? (வாசகர், அந்தியூர்)

பதில்: எண்ணெய் புண்ணுக்கு இதமாக இருக்கும்; நோய் உள்ளே இருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் உண்ணிச்செடி நஞ்சைத்தான் காட்டுகின்றன. அதன் இலையில் உள்ள லான்டடீன் என்ற நச்சுப் பொருள் ஈரலைத் தாக்கி, பித்தம் இறங்காமல் செய்துவிடும். பசுந்தீவனத்தின் பச்சையம் செரிக்கும்போது பைலோஎரித்ரின் என்றொரு பொருள் உண்டாகிறது. வழக்கமாக அது பித்தத்தோடு வெளியேறிவிடும். வழி அடைபட்டால் ரத்தத்தில் தங்கித் தோலுக்கு வரும். வெயில் பட்டதும் அந்த இடம் வேகும். கருந்தோலுக்கு அதன் நிறமே காப்பு என்பதால்தான் வெள்ளைத் தோல் மட்டும் உரிகிறது.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த நஞ்சு ஏறினால் பெருவயிற்றின் அசைவே நின்றுவிடும். தின்ற இலை அங்கேயே கிடந்து, நஞ்சு நாள்தோறும் கசிந்துகொண்டிருக்கும். மேய்ச்சலை நிறுத்திய பிறகும் மாடு தேறாமல் இருப்பது இதனால்தான்.

இன்றே கிடேரியை இருட்டான கொட்டகையில் கட்டுங்கள். வெயில் கீற்றுகூடப் படக் கூடாது. பசுந்தீவனத்தை நிறுத்தி வைக்கோலும் தண்ணீரும் வையுங்கள். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மருத்துவர் கொடுக்க வேண்டியது ஆக்டிவேட்டட் சார்கோல் (நஞ்சை ஈர்த்துக்கொள்ளும்படி பதப்படுத்திய கரித்தூள்): உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம். 300 கிலோ மாட்டுக்கு ஒன்றரைக் கிலோ ஆகிறது. அதை உப்புச்சத்துக் கரைசலில் கலந்து வயிற்றுக் குழாய் வழியாக விடுவார்கள். சார்கோல் கிடைக்காவிட்டால் அதே அளவு பென்டோனைட் களிமண் கொடுக்கலாம். குணமாகச் சில நாள் கூடுதலாகும். அடுப்புக்கரியை இடித்துக் கொடுப்பது பயன் தராது. எந்த மருந்தையும் பாட்டிலில் ஊற்றிக் குடிக்க வைத்தால் நுரையீரலுக்குள் போய் மாடே செத்துவிடலாம். உரிந்த தோலில் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி மருந்து தருவார்கள்.

அந்தக் காட்டிலேயே வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் இச்செடியில் வாய் வைப்பதில்லை. புதிதாக வந்ததும் பசியோடு இருப்பதும்தான் தின்னும். எனவே புது மாட்டை வயிறு நிறைய வைக்கோல் போட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. ஆகவே வெட்டிய புதரை மேய்ச்சல் தரையில் போட்டு வைக்காதீர்கள். தரைக்கு மேல் வெட்டினால் மறுபடி தழைக்கும். மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டிக் கவிழ்த்துப் போடுங்கள். காய் பழுக்கும் முன் செய்தால், பறவை விதை பரப்புவதும் தப்பும்.

கேள்வி: பால் சில நாளாகக் கசக்கிறது. மடிநோய் இல்லை என்று சோதித்துவிட்டோம். (வாசகி, தருமபுரி)

பதில்: அறுத்துவரும் புல்லைப் பிரித்துப் பாருங்கள். பார்த்தீனியம் கலந்திருந்தால் பால் கசக்கும். மாடு அதைத் தானாக விரும்பித் தின்னாது. புல்லோடு சேர்ந்து அறுபட்டு வரும்போது வேறு வழியின்றித் தின்கிறது. தொடர்ந்து தின்றால் வாயில் புண், தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கும் வரும். பூக்கும் முன், ஈர மண்ணில், கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பயிரில்லாத வழியோரத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துத் தெளிக்கலாம். வயலுக்குள் இது வேண்டாம், மண் உப்பேறும்.

கேள்வி: சீமைக் கருவேலக் காய் தின்றால் மாட்டுக்கு ஆபத்தா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: கொஞ்சம் தின்றால் தீவனம்தான். வறட்சியில் மாதக்கணக்கில் காயையே முக்கியத் தீனியாகத் தின்றால் அதிலுள்ள ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருள்கள் தாடையை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும். தாடை நடுங்கும், தலையைச் சாய்த்து மெல்லும், உமிழ்நீர் ஒழுகும், உடல் வற்றும். முற்றினால் மீளாது, நடுக்கம் தெரிந்த அன்றே காயை நிறுத்துங்கள். கொடுப்பதானால் காயவைத்து, விதையும் உடையும்படி அரைத்து, மொத்தத் தீனியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து கொடுங்கள். முழுக் காயாகத் தின்றால் விதை சாணத்தோடு விழுந்து, பட்டியைச் சுற்றியே புதிதாக முளைக்கும்.