வீடு தேடி வரும் ஆய்வாளர்களால் என்ன பயன்?

கேள்வி: யாருக்கு என்ன நோய், எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள், எவ்வளவு செலவானது என்று எங்கள் ஊரில் வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பணத்தில் துணை சுகாதார நிலையத்துக்குக் கூடுதலாக ஒரு செவிலியரைப் போடலாமே? இந்த ஆய்வுகளால் யாருக்கு என்ன பயன்?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: செவிலியர் வேண்டும் என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம். ஆனால் அவர் எந்த ஊரில், எந்த நேரத்தில் இருந்தால் அதிகம் பேருக்கு உதவும் என்பதை அறியவும் இந்த ஆய்வுதான் வேண்டும். ஒரு மருந்து நோயைத் தீர்க்குமா என்று பார்ப்பது மருத்துவ ஆய்வு. அது தேவைப்படுகிறவரின் கைக்குப் போய்ச் சேர்கிறதா, சேராவிட்டால் எங்கே தடைபடுகிறது என்று பார்ப்பது மருத்துவச் சேவை ஆய்வு.

நம் மதுரையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1976-இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் இலவச முகாம்கள் நடத்திவந்தது. முகாம்களில் எப்போதும் கூட்டம்தான். ஆனால், வராதவர்களை அவர்கள் ஊருக்கே சென்று தேடி விசாரித்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், கண் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ 7 சதவீதத்தினர் மட்டுமே முகாமுக்கு வந்திருந்தது தெரியவந்தது. அச்சம், வீட்டுப் பொறுப்புகள், இலவசம் என்றாலும் கையை விட்டுப் போகும் செலவு ஆகியவை மற்றவர்களைத் தடுத்திருந்தன. வந்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது எவர் கண்ணிலும் பட்டிருக்காது. பின்னர் சிற்றூர்களுக்கு அருகிலேயே நிரந்தரப் பார்வை மையங்கள் எழுந்தன. பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே கண்ணைப் பரிசோதிக்க, மருத்துவர் தொலைவிலிருந்து காணொளி வழியே ஆலோசனை சொல்கிறார்.

காசநோயின் கதை இன்னும் பெரியது. ஆஸ்டின்பட்டி என்றதும் காசநோய் மருத்துவமனையை நினைக்கும் தலைமுறைக்கு, நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் வைப்பதுதான் சிகிச்சை என்ற எண்ணம் இருந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மறுபகுதியினருக்கு அவரவர் எளிய வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள். அதனால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. படுக்கைக்காகக் காத்திருந்த ஏழைகளுக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்னும் கொள்கையை உலக நாடுகள் ஏற்க இந்த முடிவு வழிவகுத்தது.

உங்கள் கேள்விக்குள் இருக்கும் மனக்குறையையும் நான் ஏற்கிறேன். விவரம் வாங்கிச் சென்றவர்கள், என்ன கண்டறிந்தோம் என்று கிராம சபையில் திரும்பி வந்து சொல்வதுதான் முறை. அடுத்த முறை வருபவர்களிடம் அதைத் தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்ல மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சொல்வதாக இருந்தால், மருந்துச் சீட்டுக் கணக்கோடு நிறுத்தாமல், பேருந்துக் கட்டணத்தையும், உடன் வந்தவர் அன்று இழந்த கூலியையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்தச் செலவு எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இருக்காது.