சேதி சொல்ல வந்தவர்

வணக்கம்.

நடிப்புக்கான மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் கடைசி வருடத்தில் இருக்கிறேன். இறுதித் தேர்வுக்காக எங்கள் வகுப்பு கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ‘அன்டிகனி’யைத் தமிழில் போடுகிறது. குரல் பயிற்சி, உடல் பயிற்சி எல்லாவற்றிலும் முதல் வருடத்திலிருந்தே நான்தான் முன்னால் நின்றேன். அன்டிகனி வேடம் என் தோழிக்குப் போய்விட்டது. கிரேயோனாக நடிப்பவனுக்கும் நல்ல பெயர் கிடைக்கும். எனக்குத் தூதன். கடைசியில் ஒரே காட்சி. நின்ற இடத்தில் நின்று செத்தவர்கள் கதையைச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து சினிமா ஆட்களும் பார்க்க வருவார்களாம். என்னை யார் கவனிப்பார்கள்? பேச்சில் ஊர்வாடை போகவில்லை என்று வேறு சொல்கிறார்கள். விலகிக்கொண்டு எழுத்துத் தேர்வை மட்டும் எழுதிவிடலாமா? அதன்பிறகு சினிமாவா, மேற்படிப்பா? வீட்டில் நச்சரிக்கிறார்கள்.

க.

அன்புள்ள க.,

சினிமாவா மேற்படிப்பா என்பதைப் பரீட்சை முடிந்ததும் யோசிக்கலாம். வீட்டாருக்கும் அதையே சொல்லுங்கள். ஊர்வாடை பற்றிக் கவலை வேண்டாம். ழகரம் சரியாக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள், விழாவிட்டால் உழையுங்கள். மிச்சமெல்லாம் உங்கள் சொத்து.

விலகிவிடலாமா என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறையாவது வாசித்தீர்களா? இல்லை, உங்கள் வசனத்துக்கு மட்டும் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு மூடிவைத்துவிட்டீர்களா?

கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் மேடையேறிய நாடகம் அது. அந்த மேடையில் பெரும்பாலும் யாரும் கண்முன்னே சாக மாட்டார்கள். சாவு வேறெங்கோ நடக்கும், ஒருவர் வந்து சொல்லுவார். பேசுகிற வேடம் அத்தனையையும் மூன்றே நடிகர்கள் முகமூடி மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். ஆகவே தூதனாக வந்தவரும் சற்றுமுன் பெரிய வேடம் ஒன்றில் நின்றவர்தான். கடைநிலை ஆளுக்குத் தள்ளிவிட்ட வேடம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

அன்டிகனி எப்படிச் செத்தாள்? பார்ப்பவர்களுக்கு அது தெரியவருவது உங்கள் வாய்வழியாக மட்டும்தான். அரசன் கிரேயோன் அடைத்துவைத்த குகைக்குள் மெல்லிய துணியைச் சுருக்கிட்டுத் தொங்குகிறாள். அவளை மணக்க இருந்த ஹைமன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். அப்பன் கிரேயோன் கெஞ்சிக் கூப்பிடுகிறான். மகன் அவன் முகத்தில் துப்பி வாளை ஓங்குகிறான், வெட்டு தவறிவிடுகிறது, அதே வாளில் தன்னைச் சாய்த்துக்கொள்கிறான். அவன் கக்கிய ரத்தம் அவளுடைய வெளுத்த கன்னத்தில் விழுகிறது. உங்கள் தோழி மேடைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய அன்டிகனியைச் சாக வைக்கப்போவது நீங்கள்.

சிலப்பதிகாரத்தின் துன்பமாலையைப் பாருங்கள். கோவலன் கொலைப்பட்ட சேதியை ஊரில் கேட்டு ஒருத்தி ஓடிவருகிறாள். ஓடி வந்தவளுக்குக் கண்ணகியின் முன் வாய் வரவில்லை. ‘சொல்லாடாள் சொல்லாடா நின்றாள்.’ அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணகியைவிட அவள் முகம்தான் முதலில் தெரிகிறது.

எனக்கு ஒன்பது வயதில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல வெயில். அப்பாயி வாசல் திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அப்பாயியின் தம்பி ஊரிலிருந்து சாவுச்சேதி சொல்ல ஒருவர் வந்தார். அந்த நாளில் இழவு சொல்லப் போவதை சேரிக்காரர்கள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவிலேயே நின்றார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஆத்தா, அந்த மொறத்தக் கீழ வச்சிருங்க.”

அப்பாயி முறத்தை வைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். “ராத்திரி கஞ்சி குடிச்சானா?” என்று மட்டும் கேட்டார். வந்தவர் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. தம்பி மாட்டுக்கொட்டகைப் பக்கம் கட்டிலில் படுத்திருந்ததையும், விடிகாலையில் வெந்நீர் கேட்டதையும், பாதி குடித்துவிட்டுச் செம்பைத் தானே கீழே வைத்ததையும், வைத்த கை அப்படியே நின்றுவிட்டதையும் சொன்னார். அவர் கை தன்னையறியாமல் அந்தச் செம்பைத் தரையில் வைத்தது. நான் பார்த்தேன். இன்றைக்கும் அந்தச் செம்பு எனக்குத் தெரிகிறது. நான் போகாத வீடு, என் கண்ணால் காணாத சாவு.

அவருக்கு இன்னும் ஐந்து ஊர் மிச்சமிருந்தது. கையைக் குவிக்கச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் வீட்டில் அவரை ஒருவரும் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. அவர் பெயரையும் கேட்கவில்லை. அப்பாயி செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை. ‘நின்ற இடத்தில் நின்று செத்தவர்கள் கதையைச் சொல்ல வேண்டும்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவர் வெயிலில் நின்றது நினைவுக்கு வந்தது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரலில் முதல் ஆள் என்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தக் குரலை அரங்கத்தின் கடைசி வரிசைக்கு எறிவதற்கு முன், அந்தக் குகைக்குள் நீங்கள் போய்வந்திருக்க வேண்டும். துணி என்ன நிறம்? குகைவாயில் கல்லைப் புரட்டியபோது உங்கள் கையில் எங்கே சிராய்த்தது? இது தெரியாமல் தொண்டையை நடுங்கவைத்துக் கண்ணீர் வரவழைப்பதைப் பல மேடைகளில் பார்த்துச் சலித்துவிட்டேன். அதைச் செய்யாதீர்கள். அவர் அழாமல் சொன்னார்.

இன்னொன்று. அந்தச் சேதியைத் தூதன் சபையைப் பார்த்துச் சொல்லவில்லை. ஹைமனைப் பெற்றவள், அரசி யூரிடிசி, எதிரில் நின்று கேட்கிறாள். மகன் செத்ததைத் தாயிடம் சொல்கிறீர்கள். கேட்டு முடித்ததும் அவள் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுகிறாள், போய் உயிரை விடுகிறாள். அவள் முறத்தைக் கீழே வைத்தாளா என்று நீங்கள் பார்க்க வேண்டாமா?

உங்கள் கடிதத்தில் அன்டிகனியாக நடிக்கும் தோழி வருகிறாள், கிரேயோனாக நடிப்பவன் வருகிறான், சினிமா ஆட்கள்கூட வருகிறார்கள். யூரிடிசியாக நிற்கப்போகிற பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் யார்? அவரிடம் இதுவரை பேசினீர்களா? நாளை ஒத்திகைக்குப் போனதும் முதலில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.