எஸிட்டலோபிராம் மாத்திரையை ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன், இப்போது நலமாக இருப்பதால் நானே நிறுத்திவிடலாமா?

தங்கள் வயது 24 என்றும், 10 மில்லிகிராம் எடுத்து வருவதாகவும், பக்கவிளைவுக்குப் பயந்து வீட்டில் நிறுத்தச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் இதே மாத்திரையை இதே அளவில் சாப்பிட்டு, இதே ஐந்தாவது மாதத்தில் யாரிடமும் கேட்காமல் நிறுத்தி அவதிப்பட்டவன். மருந்து நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கருத்துரையிட வருவோர், முழுவதையும் படித்துவிட்டு வந்தால் நல்லது.

முதல் வாரம் 5, பிறகு 10 என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். முதல் பத்து நாள் குமட்டல். காலையில் டிகாஷன் வாசனை வந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். காரணமில்லாத கொட்டாவி வேறு. அலுவலகத்தில் மேலாளர் பேசும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். இவை தாமாகவே போயின. பலன் தெரிய நான்கு வாரம் பிடித்தது; ஒரு நாள் நான் மறுபடி ரசம் கேட்டதை மனைவி சுட்டிக்காட்டிய பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

போகாத தொந்தரவு ஒன்று இருந்தது. தாம்பத்திய நாட்டம் அறவே குறைந்துவிட்டது. இவ்வகை மருந்துகளில் இது பலருக்கு வருவதுதான் என்றும், அளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாறுவது என வழிகள் உண்டென்றும் பின்னால் அறிந்தேன். அப்போதோ, மருத்துவர் ஒவ்வொரு முறையும் “வேறு ஏதாவது தொந்தரவு?” என்று கேட்டபோது, பக்கத்தில் செவிலியர் நிற்கிறாரே என்று “இல்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஊர்க் கல்யாணமொன்றில் என் பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா “இதுக்கெல்லாம் மாத்திரையாடா?” என்றது எனக்கு நல்ல சாக்காயிற்று. அன்றிரவே நிறுத்தினேன்.

உடம்பிலுள்ள இம்மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரமாகும் என்பதால், இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்றாம் நாள் சிக்னலில் வண்டியை நிறுத்தி வலப்பக்கம் திரும்பியபோது தலைக்குள் ஷாக் அடித்ததுபோல் ‘ஜிவ்’வென்று ஓர் அதிர்வு ஓடியது. பிறகு கண்ணைத் திருப்பும்போதெல்லாம் அது வந்தது. கூடவே தலைசுற்றல், எரிச்சல், நகைக்கடை விளம்பரத்துக்குக்கூட அழுகை. பழைய நோய் திரும்பிவிட்டதென்று நடுங்கிப்போய் மருத்துவரிடம் ஓடினேன். திடீரென விட்டதன் விளைவு இது, நோய் திரும்புவதானால் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்லத்தான் வரும் என்று விளக்கி, மாத்திரையை மீண்டும் தொடங்கச் சொன்னார். இன்னும் ஏழு மாதம் சாப்பிட்ட பிறகு, மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்தோம். பாதி மாத்திரைக்காகக் காய்கறிக் கத்தியால் வெட்டினால் மறுபாதி அடுப்புக்கடியில் தெறித்துவிடும். மாத்திரையின் நடுவிலுள்ள கோட்டின்மேல் இரு கட்டைவிரலால் அழுத்தி உடைக்கக் கற்றுக்கொண்டேன்.

இடையில் ஒரு மருந்துக்கடையில் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. சாதா மாத்திரை இல்லையென்று, “அதேதான் சார், தூக்கமும் நல்லா வரும்” என்று பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் குளோனசெபாம் என்ற மருந்து கலந்த கூட்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். பழக்கமாகக்கூடியது அந்தக் குளோனசெபாம்தான். எஸிட்டலோபிராம் அந்த மாதிரியான போதை மருந்து அன்று. மூன்று வாரம் மந்தமாகத் திரிந்த பிறகே அட்டையின் பின்புறத்தைப் படித்தேன்.

தங்கள் வயதுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிறார்களுக்காக 2004இல் விதித்த தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையை, 2007இல் 24 வயது வரையுள்ளோருக்கும் விரித்தது. தொடங்கும் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் அத்தகைய எண்ணமோ தாளாத பதற்றமோ வந்தால், அன்றே மருத்துவரை அழையுங்கள்; கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 இரவிலும் இயங்குகிறது. முதுகுவலிக்கு டிரமடாலோ ஐபுப்ரோஃபெனோ எடுக்கும்முன் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்: முன்னதால் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவு மீறி ஆபத்தாகலாம், பின்னதால் இரத்தக்கசிவு வரலாம். ஒரு வேளை தவறினால் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நிறுத்தத் தோன்றினால் அதை மருத்துவரிடமே சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூசினால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டலாம். நான் கடைசியில் அப்படித்தான் நீட்டினேன், அவர் படித்துவிட்டு மடித்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.