அனாமத்துப் பக்கம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வங்கிக் கிளைகளில் தலைமைப் பண்பு என்பது தலைப்பு. பண்புசார் ஆய்வு, அதாவது எண்களை வைத்து அல்ல, ஆட்கள் பேசுவதை வைத்துச் செய்வது. 20 பேரை நேர்கண்டேன். இரண்டு பேர் சொன்னது மற்றவர்கள் சொன்னதோடு ஒட்டவில்லை. அதில் ஒருவர், தலைமை பற்றிக் கேட்டால் லீவு லெட்டர் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நெறியாளர் அவர்களை விட்டுவிடச் சொன்னார். மிச்சம் 18. ஆய்வுக் குழுவில் ஒருவர், "பதினெட்டுப் பேரை வைத்து என்னம்மா நிரூபிப்பாய்? வேலிடிட்டி எங்கே?" என்று கேட்டுவிட்டார். எத்தனை பேர் இருந்தால் போதும்? நேர்காணல்களை வகைபிரித்து அடுக்கும் என்விவோ மென்பொருள் பயன்படுத்தினால் தரம் கூடுமா? இந்த மாதிரி ஆய்வின் தரத்தை எதை வைத்துத்தான் சொல்வது? எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அன்று இரவு தூங்கவில்லை. ஒரு அத்தியாயம் இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் அடையாளம் தெரியும் இடங்களை மாற்றித்தான் போட்டிருக்கிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் நன்றாகத் தூங்குங்கள். பதினெட்டு என்ற எண்ணால் உங்கள் ஆய்வு கெடவில்லை. நிர்வாகவியல் ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்தே தலைமை நிர்வாகிகளை, ஆளுக்கு ஒரு வாரம் பக்கத்திலிருந்து பார்த்தார். 1973இல் அது புத்தகமாக வந்தது. நிர்வாகி என்றால் உட்கார்ந்து நிதானமாகத் திட்டம் தீட்டுகிறவர் என்று அதுவரை சொல்லப்பட்டதை அந்த ஐந்து பேர் ஆட்டிவிட்டார்கள். அவர்கள் செய்த காரியங்களில் பாதி, ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. சும்மா கேட்டிருந்தால் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கூடவே இருந்து பார்த்தார்.

"பன்னிரண்டு பேர் போதும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது 2006இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து வருவது. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களின் நேர்காணல்களை அலசியவர்கள், முதல் பன்னிரண்டிலேயே புதிதாக எதுவும் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று கண்டார்கள். ஏறத்தாழ ஒரே மாதிரியான ஆட்கள், குறுகிய கேள்வி. அந்த எண்ணைப் பிய்த்தெடுத்து வந்து காரைக்குடி வங்கிக் கிளையில் ஒட்ட முடியாது. என்விவோ ஒரு பீரோ. துணியை அடுக்கித் தரும், துவைத்துத் தராது. இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குயர் நோட்டும் நாலு நிறப் பேனாவும் போதும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் கடிதத்தில் வேறொரு வரி. "இரண்டு பேர் சொன்னது ஒட்டவில்லை, விட்டுவிட்டோம்." போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எந்த உரிமையில் அம்மா விட்டீர்கள்? வேலைக்கு நடுவில் உட்கார்ந்து, மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தோடு உங்களிடம் பேசியவர்கள் அவர்கள். நெறியாளர் சொன்னாராம். ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது நெறியாளரா, நீங்களா?

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர்கள், பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறி, மோல்மேனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாள் வரை, அதாவது கடையை நடத்தும் ஏஜெண்டுக்கு அடுத்த நிலை வரை வந்தவர்கள். 1942இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் திரும்பி, அதற்கப்புறம் தேவகோட்டையில் இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கெழுதினார்கள். பள்ளிக்கூட லீவில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நடந்தது நடந்தபடி சிட்டையில், அதாவது அன்றாடக் கணக்கு நோட்டில் ஏறும். சிட்டையிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு. கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்து ஐந்தொகை. ஐந்தொகையில் எந்தத் தொகையின் மேல் விரலை வைத்தாலும், அது எந்தப் பேரேட்டுப் பக்கம், எந்த நாள் சிட்டை என்று பின்னாலேயே போய்விடலாம். தப்பாக எழுதியதை அழிக்க மாட்டார்கள். மேலே ஒரு கோடு மட்டும். கீழே இருக்கிற எண் வாசிக்கத் தெரிய வேண்டும்.

ஒரு தடவை ஏழு ரூபாய் மணியார்டர் வந்திருந்தது. அனுப்பியவர் பேர் சரியாகத் தெரியவில்லை. ஐயா அதை 'அனாமத்து', அதாவது யாருடையது என்று தெரியாத தொகை, என்று தலைப்புப் போட்டு வரவு வைத்தார்கள். அடுத்த வருஷமும் அது அனாமத்திலேயே வந்தது. அதற்கடுத்த வருஷமும். "ஏழு ரூபாதானே ஐயா, எதுலயாவது சேத்துட்டா என்ன?" என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். "சேத்துட்டா கணக்கு நேராயிரும்டா. நேரானதுக்கப்புறம் தப்பு எங்கெ இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

நீங்கள் கேட்ட 'தரம்' என்பதற்கு நான் வைத்திருக்கும் பதில் அந்த ஏழு ரூபாய்தான். இதை ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. பண்புசார் ஆய்வின் நம்பகத்தைச் சோதிக்க இவோனா லிங்கனும் எகான் கூபாவும் 1985இல் நான்கு அளவுகோல்கள் வைத்தார்கள். சொன்னது நம்பத்தக்கதா, வேறோர் இடத்துக்கு எடுத்துப்போகும் அளவுக்கு விவரம் தந்திருக்கிறதா, ஆய்வு நடந்த விதத்தில் ஒழுங்கு உண்டா, முடிவு தரவிலிருந்து வந்ததா அல்லது ஆய்வாளரின் ஆசையிலிருந்து வந்ததா. கடைசி இரண்டையும் சோதிக்க அவர்கள் சொன்ன வழி தணிக்கைத் தடம். நிதிக் கணக்குத் தணிக்கையிலிருந்தே எடுத்துக்கொண்ட வழி அது. வெளியாள் ஒருவர் வந்து, உங்கள் முடிவிலிருந்து குறிப்புக்கும், குறிப்பிலிருந்து எழுத்துப்படிக்கும், அங்கிருந்து ஒலிப்பதிவுக்கும் போய்ப் பார்க்க முடிய வேண்டும். ஒட்டாத ஆளை ஒதுக்காமல், அவரையும் உள்ளடக்கும் வரை முடிவைத் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். சிட்டை, பேரேடு, அனாமத்து. பக்கத்து வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பொருளை நீங்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் தேடுகிறீர்கள்.

உங்கள் அத்தியாயத்தில் "நான்கு கருப்பொருள்கள் வெளிப்பட்டன" என்று இருக்கிறது. மழைக்கு முளைத்த கீரையா அவை, தானாக வெளிப்பட? நீங்கள் எடுத்தீர்கள். எதைப் பார்த்து எடுத்தீர்கள், எதை வேண்டாம் என்று வைத்தீர்கள், நடுவில் எப்போது மனம் மாறியது என்பதை எழுதுங்கள். கோடு போட்டு அடித்ததும் வாசிக்கத் தெரியட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நானே அனாமத்தை அழித்தவன். இருபத்திரண்டு வயதில், சிறுதொழில்களில் தலைமை பற்றிய ஓர் ஆய்வுக்குக் களப்பணியாளாக ஆத்தங்குடிப் பக்கம், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் சாயச் சிமெண்டை ஒவ்வொரு கட்டமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும். முதலாளி திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அவர் கண்ணெதிரிலேயே ஏழு பேரிடம் கேட்டேன். ஏழு பேரும் ஒரே வார்த்தை: "மொதலாளி கொரல ஒசத்தவே மாட்டாக." எனக்குச் சந்தோஷம். நோட்டில் 'பரிவுள்ள தலைமை' என்று எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு நின்றபோது, கல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குச் சுமக்கும் அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கைவிரல் இடுக்கெல்லாம் காவிச் சாயம். நானாக எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "அவுக எதுக்குத் தம்பி கொரல ஒசத்தணும்? சனிக்கெழம கூலிய ஆறு மணிக்குக் குடுத்தா கோவம் இல்லெ. கடைசி பஸ்ஸு போனப்பறம் குடுத்தாகன்னா, இந்த வாரம் யாரோ என்னமோ பேசியிருக்கோம்னு அர்த்தம்."

டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அறிக்கையில் சேர்க்கவில்லை. ஒரே ஆள், நேர்காணல்கூட இல்லை, மற்ற ஏழோடு ஒட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் படித்தால், ஏழு பேர் சொன்ன அதே வார்த்தையின் பொருளே வேறாகிவிடும் என்று அன்று எனக்குப் புரியவில்லை. முதலாளி முன்னால் அந்த ஏழு பேரால் சொல்ல முடிந்த அளவு அதுதான். அறிக்கை அச்சாகிவிட்டது. அந்த அம்மா இரவில் எத்தனை மைல் நடந்து வீட்டுக்குப் போனார் என்பது அதில் இல்லை.

அதனால்தான் உங்கள் பட்டியலைப் பார்த்ததும் கோபம் வந்தது. 18 பேரில் 15 பேர் மேலாளர்கள். தலைமை எப்படி என்று தலைவர்களிடமே கேட்டால் தொலைநோக்கு, குழு உணர்வு, முன்மாதிரி என்றுதான் வரும். சுவீடனில் ஆல்வெசனும் ஸ்வெனிங்சனும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரிய உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மேலாளர்கள் தொலைநோக்கு பற்றித்தான் பேசினார்கள். அன்றாடம் என்ன செய்கிறீர்கள் என்று குடைந்ததும் சில்லறை நிர்வாக வேலைகள்தான் வந்தன. மேலாளரிடமும் கேட்கலாம். ஆனால் அவர் சொல்வது, அவர் தம்மை எப்படிப் பார்க்க விரும்புகிறார் என்பதற்குச் சான்று. கிளையில் என்ன நடக்கிறது என்பதற்கு காசாளரிடமும் கடைநிலை ஊழியரிடமும் போக வேண்டும், வங்கிக்கு வெளியே, டீக்கடையிலோ அவர்கள் வீட்டிலோ.

எழுத்துப்படியைப் பேசியவர்களிடமே காட்டிச் சரிபார்த்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மேலாளர் வழியாகவா அனுப்பினீர்கள்? அப்படியென்றால் அது சரிபார்ப்பு இல்லை, மிரட்டல். தெரியாமல் செய்திருப்பீர்கள். இனிச் செய்யாதீர்கள். நாலு பேர் வேலை பார்க்கும் கிளையில் "ஒரு பெண் காசாளர்" என்று எழுதினாலே தெரு முழுக்கப் பெயர் சொல்லும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. எதை மாற்றினீர்கள், எந்த அளவுக்கு மாற்றினீர்கள் என்று முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

லீவு லெட்டர் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராமே, அவரிடம் இன்னொரு முறை போங்கள். கேள்வித்தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். லீவு லெட்டர் யார் மேஜையில் எத்தனை நாள் கிடக்கிறது, யாருடையது உடனே கையெழுத்தாகிறது, மறுத்தால் எந்த வார்த்தையில் மறுக்கிறார்கள் என்று அவர் போக்கிலேயே பேசவிடுங்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதிலை அவர் அன்றே சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு ஒலிப்பதிவுகளையும் அழித்துவிடவில்லையே? அதை மட்டும் உடனே ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.