பழைய வினாத்தாளில் சமன்பாடு உடைந்து தெரிகிறதா? காசு கொடுக்கும் முன் படியுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 2002-லிருந்து 2012 வரை வேர்டில் அடித்த பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாள்கள் ஒரு பென் டிரைவ் நிறைய இருக்கின்றன. மகன் வாங்கித் தந்த புது லேப்டாப்பில் திறந்தால் சில சமன்பாடுகளில் புள்ளிகள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்து நிற்கிறது. சில இடங்களில் பின்னத்தின் மேல்பாதியைக் காணோம். டபுள் கிளிக் செய்தால் எடிட்டரே இல்லை என்று செய்தி வருகிறது. கடைக்காரர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, மேத்டைப் என்ற மென்பொருளுக்குச் சந்தா கட்டுவது. இன்னொன்று, 1,500 ரூபாய் கொடுத்தால் அவரே பழைய ஆபீஸ் 2007-ஐப் போட்டுத் தருவது. எதை வாங்கலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சமன்பாடுகள் கோப்புக்குள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. நீங்கள் சொல்வது ஒரே கோளாறு போலத் தோன்றினாலும் உண்மையில் மூன்று. அதில் இரண்டுக்குக் காசே ஆகாது.

முதலில் பின்னத்தின் மேல்பாதி. வினாத்தாளை ஒரே பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்று வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்து 12, 14 என ஓர் அளவு கொடுத்திருப்பீர்கள். அன்றைக்கு எல்லாரும் செய்ததுதான். அப்படி வைத்தால் வரியின் உயரம் கூடாது, அதைத் தாண்டும் பின்னத்தை வேர்டு வெட்டிவிடும். அந்தப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பெட்டியில் வரி இடைவெளியை ‘சிங்கிள்’ அல்லது ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றுங்கள். தொகுதி எண் திரும்ப வந்துவிடும்.

அடுத்து அந்த ஆங்கில எழுத்து. பழைய வேர்டோடு வந்த ஈக்வேஷன் எடிட்டர் 3.0, சில குறிகளுக்கு எம்.டி. எக்ஸ்ட்ரா என்ற தனி எழுத்துருவை நம்பியிருந்தது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால், குறிக்கு அடியில் ஒளிந்திருக்கும் சாதாரண எழுத்து வெளியே வந்துவிடும். 1 + 2 + 3 + ... + 100 என்ற தொடரில் நடு உயரத்தில் வரும் மூன்று புள்ளிகள் பெரிய ‘எல்’ ஆகிவிடும். காற்புள்ளிகளுக்கு நடுவே அடிவரியில் வரும் புள்ளிகள் பெரிய ‘கே’ ஆகிவிடும். நீங்கள் தொடரின் கூடுதல் கேட்டிருப்பீர்கள், பையன் உட்கார்ந்து ‘எல்’லின் மதிப்பைத் தேடிக்கொண்டிருப்பான்!

இதே கோப்பைக் கைபேசியிலோ லினக்ஸிலோ திறந்தால் இன்னும் வேடிக்கை. அங்கே கணிதக் குறிகளுக்கான சிம்பல் என்ற எழுத்துருவும் இல்லாமல் போகலாம். மூன்று வரிசை அணிக்குப் போட்ட உயரமான வளைவு அடைப்பு, அந்த எழுத்துருவின் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிச் செய்தது. எழுத்துரு போனதும் வலப்பக்க அடைப்பு இருந்த இடத்தில் மேலே தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ, நடுவில் வகுத்தல் குறி, கீழே குறுக்குக்கோடு போட்ட ஓ என்று நிற்கும். வகுத்தல் குறியைப் பார்த்துக் கணக்கே தப்பு என்று நினைத்து யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.டி. எக்ஸ்ட்ரா எழுத்துரு, மேத்டைப்பின் இன்றைய உரிமையாளரான விரிஸ் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வேறு எங்கோ ‘ஃப்ரீ ஃபான்ட்’ என்று மின்னும் பொத்தான்களை அழுத்த வேண்டாம். இறக்கி, நிறுவி, வேர்டை மூடித் திறந்தால் புள்ளிகள் தெரியும். அச்செடுப்பது மட்டும்தான் தேவை என்றால் இதோடு வேலை முடிந்தது. சரியாகத் தெரியும் கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் கொஞ்சம் பெரியது. எடிட்டர் ஏன் இல்லை? அதை எழுதியது டிசைன் சயின்ஸ் என்ற நிறுவனம். மேத்டைப்பும் அவர்களுடையதே, வேர்டில் இருந்தது அதன் சின்ன வடிவம். 2000-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட அந்த நிரலை 17 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2017 நவம்பரில் அதில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. கெட்ட எண்ணத்தோடு தயாரித்த ஒரு கோப்பைத் திறந்தாலே போதும், அடுத்தவன் நிரல் உங்கள் கணினியில் ஓடும். மைக்ரோசாப்ட் ஒட்டுப்போட்டுப் பார்த்தது. இன்னொரு ஓட்டையும் தெரியவந்ததும், 2018 ஜனவரி அப்டேட்டில் எடிட்டரையே தூக்கிவிட்டது.

இப்போது கடைக்காரர் சொல்லும் ஆபீஸ் 2007-ஐப் பாருங்கள். அதற்கான ஆதரவு 2017 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அந்த ஓட்டை எடிட்டர் அப்படியே அதில் வரும். 1,500 ரூபாய்க்கு அவர் தருவதில் உரிமம் இருக்குமா என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இணையத்திலிருந்து எடிட்டர் கோப்பை மட்டும் எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறேன் என்று சொல்பவரும் இதே வேலையைத்தான் செய்கிறார். வீட்டில் இணைய இணைப்பே இல்லாத பழைய கணினி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அது வேறு கதை, தாராளமாக அதில் திறந்து பாருங்கள்.

சமன்பாடுகளைத் திருத்தவும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. மைக்ரோசாப்ட் 365 வேர்டில் பழைய சமன்பாட்டை டபுள் கிளிக் செய்தால் ‘புதிய வடிவத்துக்கு மாற்றட்டுமா’ என்று கேட்கும். இந்த ஒன்றை மட்டும் மாற்றலாம், கோப்பில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தும் மாற்றலாம். எம்.டி. எக்ஸ்ட்ராவை முன்கூட்டியே போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். அப்புறம் டாக்எக்ஸ் கோப்பாகச் சேமியுங்கள். பழைய டாக் கோப்பாகவே விட்டால் புதிய சமன்பாடு வெறும் படமாகிவிடும். 365-க்கு ஒரு மாத இலவசச் சோதனை உண்டு. கார்டு எண் கேட்பார்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை மறக்காமல் நிறுத்துங்கள். அந்த மாதத்துக்குள் பென் டிரைவ் முழுவதையும் மாற்றிவிட்டால், பிறகு எந்தக் கணினியின் இன்றைய வேர்டிலும் அவை திறக்கும், திருத்தவும் முடியும்.

மாற்றியதும் எழுத்துரு கேம்ப்ரியா மேத் ஆகிவிடும். அதனால் அகலம் கொஞ்சம் மாறி, ஒரு பக்கத் தாள் ஒன்றேகால் பக்கம் ஆகலாம். அணிகளையும் தொகைகளையும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள், இயந்திரத்தை முழுசாக நம்ப வேண்டாம்.

எதற்கும் பணம் கட்ட மனமில்லை என்றால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் ‘லோட், சேவ்’ அமைப்புகளில் மைக்ரோசாப்ட் ஆபீஸ் பகுதிக்குப் போனால் மேத்டைப் சமன்பாடுகளை மாற்றும் தேர்வு இருக்கும். தமிழ் வரிகளின் பக்க அமைப்பு சற்றுக் கலையும், ஆனால் சமன்பாடு கைக்கு வந்துவிடும். மேத்டைப் நல்ல மென்பொருள்தான், பழைய சமன்பாடுகளை நேரடியாகத் திறந்து திருத்தும். தினமும் கணிதம் அடிக்கும் டி.டி.பி. சென்டருக்கு அந்தச் சந்தா தகும். மாதம் இரண்டு தாள் போடும் உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: தனி ஆளாக டியூஷன் நடத்துகிறேன். சமன்பாடு தெரியவில்லை என்று கொண்டுபோனபோது கடையில் ‘லைஃப்டைம் மேத் சாஃப்ட்வேர்’ என்று சொல்லி 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மேத்டைப் போட்டுத் தந்தார்கள். பில் இல்லை. ஒரு மாதம் கழித்து அது பணம் கட்டச் சொல்கிறது. கடையில் கேட்டால் ‘கம்பெனி மாத்திட்டான் சார்’ என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: எந்தக் கம்பெனியும் எதையும் மாற்றவில்லை. மேத்டைப்புக்கு 30 நாள் இலவசச் சோதனைப் பதிப்பு உண்டு. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உங்களிடம் அதைத்தான் விற்றிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பில் தராதது தனிக் குற்றச்சாட்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ரசீது தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக முறை என்று சொல்கிறது. ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவையும், வாட்ஸ்அப்பில் ‘லைஃப்டைம்’ என்று எழுதியிருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் கட்டச் சொல்லும் திரையையும் தேதி தெரியப் படம் பிடியுங்கள். பிறகு பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், 15 நாள் அவகாசம் கொடுங்கள். பேச்சில் கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல கடைகள் இந்த இடத்திலேயே இறங்கிவரும். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகத்தான் கருதுகிறது. எனவே தனி ஆளாக டியூஷன் எடுக்கிறீர்கள் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த சாதாரண தர (ஓ.எல்.) தேர்வுக் கணிதப் பயிற்சித்தாள்களை இணையத்திலுள்ள மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்கினேன். சமன்பாடுகள் எல்லாம் மறைந்துவிட்டன. வட்டப் பரப்பளவில் பை இருந்த இடத்தில் ஒரு இகரக் குறி தனியாகத் தொங்குகிறது. மீட்க வழியுண்டா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: மாற்றிய கோப்பிலிருந்து மீட்க முடியாது, மூலக் கோப்பிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். மாற்றிப் பெட்டி எழுத்தை மட்டும் வாங்கும். சமன்பாடு தனிப் பொருள் என்பதால் ஒட்டும்போதே உதிர்ந்துவிடும். பை கதை வேறு. ஆங்கிலச் சிறிய ‘பி’யை (p) அடித்துச் சிம்பல் எழுத்துருவுக்கு மாற்றினால் பை தெரியும். பாமினியில் அதே ‘பி’தான் இகரக் குறி. மாற்றிக்கு எழுத்துரு தெரியாதே, எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும்.

இந்த முறை ஒரு பிரதி எடுத்து, அதில் முதலில் சமன்பாடுகளை மேலே சொன்னபடி புதிய வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு வேர்டின் தேடி மாற்றும் பெட்டியில், தேடும் சொல்லைக் காலியாக விட்டு, எழுத்துரு சிம்பல் என்று கொடுத்து, மாற்றும் பக்கத்தில் சிவப்பு நிறம் கொடுங்கள். தனியாக அடித்த பை, ஆல்ஃபா, தீட்டா பெரும்பாலும் சிவப்பாகிவிடும். அப்புறம் தமிழ்ப் பகுதிகளை மட்டும் துண்டு துண்டாக மாற்றியில் இட்டு அதே இடத்தில் ஒட்டுங்கள், சிவப்பைத் தொட வேண்டாம். முழுக் கோப்பையும் கன்ட்ரோல் ஏ போட்டு எழுத்துருவை மாற்றினாலும் அதே பை போய்விடும்.